செவலைக்கு ஒரு ஜோடி

"ஏலே மயிலை, கேட்டுக்கோ. கழுகுமலை மாட்டுத்தாவணி கூடுது. உனக்கு ஒரு புது ஜோடி பிடிச்சுட்டு வரப்போறேன். அப்புறம் எவன் தயவும் நமக்கு வேண்டாம்."

மேழியைப் பிடித்தபடி சங்கரபாண்டி தன் மாட்டிடம் சொன்னார். பின்னால் கோரைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு வந்த தம்பி சாமித்துரைக்குச் சுருக்கென்றது.

அண்ணனும் தம்பியும் பேசி நாலு வருடம் ஆகிறது. அப்பா செத்த பிறகு பாகம் பிரித்த அன்று, களத்து வேப்பமரம் யாருக்கு என்பதில் வாய் தடித்துவிட்டது. "இனி உன் மூஞ்சியில முழிச்சா என்னன்னு கேளு" என்று இரண்டு பேரும் ஊர் கேட்கக் கத்தினார்கள். வீடு இரண்டானது, நிலம் இரண்டானது. ஏர் மாடும் ஆளுக்கு ஒன்றானது. அண்ணனுக்கு மயிலை, தம்பிக்குச் செவலை.

ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு கரிசலை உழ முடியுமா? மழை விழுந்ததும் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டினார்கள். ஒரு நாள் அண்ணன் புஞ்சை, மறுநாள் தம்பி புஞ்சை. தன் மாட்டை அடுத்தவன் கையில் விட மனசில்லாமல் இருவரும் கூடவே நின்றார்கள்.

ஆனால், பேச்சு மட்டும் கிடையாது. சொல்ல வேண்டியதை ஆளாளுக்குத் தன் மாட்டிடம் சொல்லிக்கொண்டார்கள்.

ஒருநாள் சாமித்துரை, "ஏலே செவலை, மூத்தவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தலாம்னு இருக்கேன். தீப்பெட்டி ஆபீசுக்குப் போனா நாலு காசு வரும்" என்றான்.

உடனே மேழிப் பக்கமிருந்து குரல் வந்தது. "மயிலை, படிக்கிற புள்ளைய நிறுத்துதவன் மனுசனாலே?"

அந்தப் பிள்ளை இப்போது கோவில்பட்டியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். சங்கரபாண்டி காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது, "செவலை, சொகமில்லாதவிய வெயில்ல நிக்கலாமா? நெழல்ல போய் உக்காரச் சொல்லு" என்றான் தம்பி. அவரும் முனங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தார். ஊரில் ஒழுங்காகப் பேசிக்கொள்கிற அண்ணன் தம்பிகள்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

இப்போது அண்ணன் புது மாடு பிடித்துவிட்டால்? மயிலை அவர் புஞ்சையோடு போய்விடும். இந்தப் பேச்சும் அதோடு போய்விடும்.

'வேண்டாம்' என்று சொல்லத்தான் சாமித்துரை வாயைத் திறந்தான். பாழும் வீராப்பு முந்திக்கொண்டது.

"செவலை, நாம மட்டும் எளைச்சவுகளா? நாமளும் தாவணிக்குப் போறோம்லே. உனக்கும் ஒரு ஜோடி வரும்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். சங்கரபாண்டி அன்று முழுவதும் மயிலையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டான் சாமித்துரை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அவன் மனைவி அழகுத்தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இப்பவாவது புத்தி வந்துச்சே! மொகம் குடுத்துப் பேசாத மனுசங்கூட இன்னும் எத்தனை நாளைக்கு உழுவிய?" என்று, பருத்தி விற்ற ரூபாயை எடுத்து அவளே மடியில் கட்டிவிட்டாள். "மாடு இல்லாம வீட்டுக்கு வந்துராதீங்க."

தாவணிச் சந்தை கூடிய இரண்டாம் நாள் கழுகுமலையில் பஸ்ஸை விட்டு இறங்கினான். அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தரகர் எபநேசர்தான். நொண்டி மாட்டைக் காட்டி, 'நடையைப் பாரும்' என்று விற்றுவிடக் கூடிய மனிதர். அன்றைக்கு அவருக்கு என்ன ஆனதோ தெரியவில்லை.

"அண்ணாச்சி, அந்தச் செவலைக் காளை எப்படி?"

"அதுவா? சுழி சரியில்ல. குடும்பத்துக்கு ஆகாது."

"இந்தக் காரிக் காளை?"

"பாதிச் சால்ல படுத்துக்கிடும். வாலைக் கடிச்சாலும் எந்திரிக்காது."

"அங்கன நிக்கே, அது?"

"பல்லைப் பாத்தீரா? உம்ம வயசு இருக்கும் அதுக்கு."

ஒவ்வொரு மாடாக வேண்டாம் என்று ஆகும்போதும் சாமித்துரைக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. தாவணியில் மாடே சரியில்லை என்று அழகுத்தாயிடம் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அண்ணன் வந்து ஒன்றைப் பிடித்துவிட்டால் எல்லாம் வீண்தானே?

வெட்கத்தை விட்டு எபநேசரை ஒரு வண்டி மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணாச்சி, ஒரு ஒதவி. எங்க அண்ணாச்சி சங்கரபாண்டி மாடு பிடிக்க வருவாவ. எப்படியாவது அவியளை வெறுங்கையோட அனுப்பிரணும். அவியளுக்கு ஜோடி கெடைச்சிட்டா எங்களுக்குள்ள இருக்கிற ஒரு பேச்சும் அத்துப் போகும். உமக்குப் புண்ணியமாப் போகும்."

எபநேசர் அவனையே பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"நாப்பது வருசமாத் தரகு பாக்குதேன். மாட்டை விக்காதேன்னு கெஞ்சுத குடும்பத்தை இப்பத்தான் பாக்கேன்" என்று கண்ணைத் துடைத்தார். "ஏன் தம்பி, காலையிலேருந்து அத்தனை நல்ல மாட்டுக்கும் நான் நொள்ளை சொல்லுதேனே, எதுக்குன்னு நெனைச்சீரு? நேத்து உம்ம அண்ணாச்சி வந்து எங் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என் தம்பி வருவான், ஒரு மாட்டையும் அவனைப் பிடிக்க விட்டுராதீரு'ன்னு அழுதுட்டுப் போனாவ!"