நேர்ந்துவிட்ட சேவல்

கல்லை எடுத்துவிட்டாள். கையையும் ஓங்கிவிட்டாள்.

புல்தரையின் வடக்கு மூலையில் சேவல் கிளறிக்கொண்டிருந்தது. அவளை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

"எறியட்டும், நல்லா எறியட்டும். காளியாத்தாளுக்கு நேர்ந்துவிட்டது. எறிஞ்சவுக ஆத்தாகிட்ட பேசிக்கட்டும்."

பக்கத்து வீட்டு மாடியில் பேச்சியம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இவளிடம் சொல்லவில்லை. துணியிடம் சொன்னாள்.

கோழிகளால் வந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கு முன் வாய்க்கு வாய் 'மதினி'தான்.

கல் கீழே விழுந்தது.

சாமி சேவல். பங்குனித் திருவிழா வரை அதை யார் தொடுவது?

வாடகை வீடுகளின் சிமெண்டுத் தரையில் நடந்தே பாதம் வெடித்தவள் அவள். சொந்த வீடு என்று வந்தபோது வாசலில் புல் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. காலை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

புல் வந்தது. கூடவே கோரையும் வந்தது. பிடுங்கினாள். ஒன்று பிடுங்கிய இடத்தில் இரண்டு முளைத்தது. கிழங்கோடு தோண்டினாள். இடுப்புதான் போனது, கோரை போகவில்லை.

பிறகு பேச்சியம்மாளின் கோழிகள் வந்தன. கம்பை எடுத்தாள். சண்டை தெருமுனை வரை கேட்டது. சுற்றுச்சுவரை உயர்த்திக் கட்டினாள்.

கோழிகள் நின்றன. 'மதினி'யும் நின்றது.

இனியாவது புல் நிம்மதியாக வளரும் என்று பார்த்தால், இந்த ஆடியில் மஞ்சளடித்தது. வட்டம் வட்டமாக. தண்ணீர் பாய்ச்சினாள். வேப்பம்புண்ணாக்கு போட்டாள். கடையில் கொடுத்த மருந்தையெல்லாம் அடித்தாள். ஒருநாள் ஒரு பிடி புல்லை இழுத்துப் பார்த்தாள். வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது.

"கொத்தனார்ட்ட சொல்லிட்டேன்" என்றார் கணவர். "ஆடியில எதையும் தொடங்க வேணாம். ஆவணி பொறந்ததும் சிமெண்ட் போட்ருவோம். ஒனக்கும் இடுப்பு மிச்சம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

ஆடி எப்போதடா போகும் என்று ஊரே காத்திருந்தது. இவள் ஒருத்திதான் போகாதே போகாதே என்று வேண்டிக்கொண்டாள்.

சேவல் தினமும் வந்தது. சுவரில் பறந்து ஏறும். ஒரு கூவல். பிறகு அதே மூலை. கம்பை எடுக்க முடியாது. 'சூ' என்றுதான் சொல்லலாம். ஆத்தாவின் சேவலை 'சூ' சொல்லலாமா என்பதே சந்தேகம்.

எக்கேடும் கெட்டுப்போ என்று விட்டுவிட்டாள்.

சாரல் அடித்து ஓய்ந்த ஒரு காலையில் வெளியே வந்தாள்.

வடக்கு மூலை பச்சை.

குனிந்து பார்த்தாள். மற்ற இடமெல்லாம் மஞ்சள்தான். சேவல் கிளறிய இடத்தில் மட்டும் புதுப்புல், ஊசி ஊசியாக.

களைக்கொத்தை எடுத்துவந்து மஞ்சள் வட்டத்தில் ஒரு கொத்து கொத்தினாள். மண்ணுக்குள் வெள்ளைப் புழுக்கள். சுருண்டு, கொழுத்து, வேரைத் தின்றுகொண்டு.

மூலையில் ஒரு கொத்து.

ஒன்றுகூட இல்லை.

அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். புழுவைத் தின்ன வந்ததுகளை அல்லவா விரட்டி விரட்டி அடித்தேன்!

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கையில் ஒட்டிய மண்ணோடு தெருவில் இறங்கினாள். பேச்சியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பேச்சி... ஒன் கோழிகளக் கொஞ்சம் அனுப்புறியா?"

பேச்சியம்மாள் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏன், கம்பு ஒடிஞ்சு போச்சாக்கும்?"

"நாந்தான் ஒடச்சுப் போட்டேன்."

முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருக்கத்தான் பேச்சியம்மாள் பார்த்தாள். முடியவில்லை.

"வாங்க மதினி" என்றாள். "ஆளுக்கு ரெண்டாத் தூக்குவோம்."

இரண்டு பெண்கள் கக்கத்தில் கோழிகளை இடுக்கிக்கொண்டு போவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டுமே! அன்று மட்டுமல்ல, தினமும் தூக்கினார்கள். கோழிகள் மஞ்சளைக் கிளறின. மாலையில் அவள் மண்ணைச் சமன்செய்து தண்ணீர் தெளித்தாள்.

ஆடி போனது.

முழுத்தரையும் பச்சை என்று சொன்னால் பொய். அங்கங்கே வழுக்கை இருந்தது. கோரையும் இரண்டு மூன்று இடத்தில் தலை நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மஞ்சள் தோற்றுவிட்டது.

கொத்தனார் வந்தார். சிமெண்டு மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இதையா மூடச் சொன்னீங்க?"

கணவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல்லில் நின்றுகொண்டிருந்தார்.

சில்லென்றுதான் இருந்திருக்கும்.

ஜெயித்துவிட்டாள். அதை முகம் சொல்லிவிட்டது.

"வந்தது வந்துட்டீங்க" என்றாள் கொத்தனாரிடம். "வேற வேலை இருக்கு."

சுற்றுச்சுவரின் அடியைக் காட்டினாள். அவளே உயர்த்திக் கட்டிய சுவர்.

"இங்க ஒரு ஓட்டை போடுங்க."

எவ்வளவு என்று கைகளை விரித்துக் காட்டினாள். ஒரு கோழி நுழையும் அளவு.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மதினி, நான் எப்படி வர்றதாம்?"

அவள் கைகளை இன்னும் விரித்தாள்.