ஜொகூர் நம்பர்

காரிலிருந்து இறங்கியவன் வேறு யாரோ.

ஜெயலெட்சுமி காலை ஒன்பது மணியிலிருந்து ஜே.பி.ஜே. என்ற சாலைப் போக்குவரத்து அலுவலக வாசலில் நின்றிருந்தாள். ஜொகூர் நம்பர் போட்ட வெள்ளை மைவி கார் உள்ளே நுழைந்ததும் கை தானாகச் சேலை முந்தானையைச் சரிசெய்தது. பொங்கலுக்கு எடுத்து இன்னும் ஒருமுறைகூடக் கட்டாத சேலை. கார் பெயர் மாற்றத்துக்கு இதைக் கட்டிக்கொண்டு வருவார்களா என்று பஸ்ஸில் ஒருத்தி பார்த்த மாதிரி இருந்தது.

இறங்கியவன் தாடி வைத்திருந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.

"ஜெயலெட்சுமி அக்காவா? நான் பஷீர். கார் கொண்டுபோய் விடுறதுதான் என் வேலை. நேத்து ஈப்போவுல படுத்துட்டு வரேன்."

"கார்க்காரரு வரலையா, தம்பி?"

"அவரு எதுக்குக்கா வரணும்? நேத்தே ஜொகூர்ல கைரேகை வச்சிட்டாரு. நீங்க இங்க வச்சா போதும்லா."

அது அவளுக்குத் தெரியாது.

பாயான் பாரு ஃபேக்டரியில் அவளோடு வேலை செய்யும் காமினி வேறு மாதிரி சொல்லியிருந்தாள். அவள் கார் வாங்கியபோது, விற்றவரும் அவளும் ஒரே கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கட்டைவிரல் வைத்தார்களாம். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஜெயலெட்சுமி இந்தக் காரை வாங்கினாள்.

இதே கார் நம்ம ஜெலுத்தோங்கிலேயே கிடைக்கும், எதற்கு எழுநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் வாங்குகிறாய் என்று கேட்காத ஆளில்லை. இதுதான் பிடித்திருக்கிறது என்று சொல்லி வாயை மூடிக்கொண்டாள்.

கார்க்காரரோடு போனில் பேசியதெல்லாம் காமினிதான். ஒரே பேச்சில் முடிந்துவிட்டது. ஃபாரம் நிரப்ப வேண்டும், வாங்குகிறவரின் அடையாள அட்டையை அனுப்புங்கள் என்றார். அனுப்பினார்கள். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லை. விடு, வேறு பார்க்கலாம் என்றாள் காமினி.

நான்காம் நாள் ஒரே வரியில் செய்தி வந்தது. கார் வருகிறது.

பஷீர் சாவியைக் கொடுத்துவிட்டு, காரைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டினான்.

"நாலும் புதுசுக்கா. முந்தாநாள்தான் மாத்தியிருக்காரு. பிரேக்கும் புதுசு. விக்கப் போற காருக்கு இவ்வளவு செய்யிற ஆள நான் இப்பதான் பாக்குறேன். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறீங்களா?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா."

பஷீர் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"ஆளு எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"யாரு, கார்க்காரரா? நல்லாத்தான் இருக்காரு. வயசு கம்மிதான், அதுக்குள்ள முடி நரைச்சிருச்சு. ஏங்கா, தெரிஞ்சவரா?"

அவள் சாவியைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. சுங்கை நிபோங்கில் பஸ் பிடிக்க வேண்டும் என்று பஷீர் கிளம்பிவிட்டான்.

கவுண்டரில் இருந்த பெண்ணின் சட்டையில் ஐனா என்று பெயர் இருந்தது. சின்னப் பெண். ஜெயலெட்சுமி உறையைப் பிரிக்காமல் அப்படியே நீட்டினாள். ஐனா தாள்களை எடுத்துப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். பிறகு மலாயில் கேட்டாள்.

"ஆண்டி, இந்தக் காரை ஜொகூர்லேருந்துதானே வாங்குறீங்க?"

"ஆமாம்மா."

"விற்கிறவர் முகவரியும் உங்க முகவரியும் ஒண்ணா இருக்கே. ஜெலுத்தோங், அதே பிளாக், அதே மாடி, அதே வீட்டு நம்பர். எங்கேயாவது தப்பா எழுதிட்டாங்களா?"

ஜெயலெட்சுமி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஐனா தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

தனேஷ், திருநாவுக்கரசுவின் மகன். கீழே அவளுடைய வீட்டு முகவரி.

மகன் வீட்டை விட்டுப் போய் ஏழு வருடம். அவன் போன் நம்பரை மாற்றினான், வேலையை மாற்றினான், ஊரை மாற்றினான். அப்பா இறந்த செய்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியாது. போன மாதம், கார் விளம்பரங்களைப் புரட்டிக்கொண்டிருந்த காமினியின் போனில், ஒரு வெள்ளைக் காரின் பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, அதை வாங்கித் தா என்று இவள்தான் கேட்டாள். அவன் யார் என்று காமினியிடம் சொல்லவில்லை. சொன்னால், ஏன் போனான் என்பதையும் சொல்ல வேண்டும்.

அவள் பார்த்த பெண்ணை அவன் வேண்டாம் என்றான். அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தவனிடம், இனிமேல் இது உன் வீடு இல்லை என்று சொன்னது அவன் அப்பா இல்லை. அவள்தான்.

பின்னால் நின்றவர் லேசாக இருமினார்.

"ஆண்டி? தப்புன்னா சொல்லுங்க, திருத்தணும்."

ஜெயலெட்சுமி அந்த வரியின் மேல் விரலை வைத்துக் கடைசி எழுத்துவரை நகர்த்தினாள்.

"திருத்த வேணாம்மா," என்றாள். "அது அவன் வீடுதான்."