வேலிப் பக்கம் திரும்பிய ஒலிபெருக்கி

நாளை தர்சனாவுக்குப் பல்கலைக்கழக இறுதிச் சோதனை. நாரந்தனைக் கோயில் பாட்டுச் சத்தத்தில் ஒரு வரியும் மண்டையில் ஏறவில்லை.

“பக்கத்து வீட்டு ஐயாத்துரையின்ர வேலை. வேலிச் சண்டைக் கோபத்தில ஒலிபெருக்கியை எங்கட பக்கம் திருப்பிக் கட்டுவிச்சிருக்கிறார்,” என்றாள் அம்மா.

தர்சனா நேரே கோயிலுக்குப் போனாள்.

“ஐயா, சத்தத்தைக் குறையுங்கோ. படிக்க ஏலாமல் கிடக்கு.”

“இண்டைக்கு ஐயாத்துரையின்ர உபயம், பிள்ளை. அவரைத்தான் கேக்க வேணும்,” என்றார் ஐயர்.

“கேட்டால் இன்னும் கூட்டுவார். நான் பெயிலானால்தான் அவருக்கு நிம்மதி.”

ஐயர் அர்ச்சனைத் தட்டை எடுத்தார்.

“அர்ச்சனைக்கு அவர் தந்தது உம்மட பேரும் நட்சத்திரமும்தான். நீர் சோதனை பாஸ் பண்ண வேணுமாம். நான் பேர் சொல்லேக்க உமக்குக் கேக்க வேணுமெண்டுதான் அங்கால திருப்பினவர்.”

தர்சனா தலைகுனிந்து நின்றாள்.

“அப்ப, அர்ச்சனை முடிஞ்ச பிறகு குறையுங்கோ ஐயா.”