நீலத் திரை

"இந்தப் பழைய பெட்டியக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தனை நாள்மா அழறது?" என்றார் வக்கீல்.

சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் நிற்கவில்லை. மவுஸ்கூட இல்லாத அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் அது. புதுசை மாட்ட வந்த சர்வீஸ்காரர் எதிரே காத்திருந்தார்.

"இந்தப் பத்திரம் முடியட்டும் சார்."

"புதுசுல எவ்வளவு வசதி தெரியுமா?"

"அது நடுவுல நடுவுல வந்து எனக்கே புத்தி சொல்லும். இது வாய மூடிக்கிட்டு வேலை பார்க்கும். சேவ் பண்ண ஒரு பட்டன், பிரிண்டுக்கு ஒரு பட்டன். மூணு மாசமா எனக்குக் கண் வலிகூட இல்ல சார்."

சர்வீஸ்காரருக்குக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. அவர் தொழில் பழகியதே அந்த நீலத் திரையில், வெள்ளை எழுத்தில்தான்.

கடைசி பட்டனைத் தட்டினார் அம்மா. பிரிண்டர் கிறீச்சிட்டு ஒன்பது பக்கம் துப்பியது. வக்கீல் சிவப்புப் பேனாவோடு வரி வரியாகத் தேடிவிட்டு, பேனாவை மூடினார்.

"ஒரு தப்புகூட இல்ல. இருந்தாலும் கழட்டிடுப்பா."

கடைசியாக ஒரு தடவை அந்த நீலத்தைப் பார்த்துவிடலாம் என்று சர்வீஸ்காரர் மேசையைச் சுற்றி அம்மாவின் பக்கம் வந்தார். திரை இருட்டாக இருந்தது.

"மேடம், ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"திரை போய் மூணு மாசமாச்சு தம்பி. சொல்லியிருந்தா சார் பெட்டியையே தூக்கியிருப்பார்."

அதைக் கேட்ட வக்கீல் மறுபடியும் அந்த ஒன்பது பக்கத்தைப் புரட்டினார். பிறகு, "புதுச எடுத்துட்டுப் போயிடுப்பா" என்றார்.

"கடையில பழைய மானிட்டர் ஒண்ணு சும்மா கிடக்கு மேடம். கொண்டாந்து தரட்டுமா?"

"வேண்டாம் தம்பி. திரும்பக் கண் வலி வந்துடும்."