காரணம் தெரியவில்லை

"இந்தம்மாவை வேலைய விட்டு அனுப்புங்க. இல்லன்னா என் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வேற கடைக்குப் போறேன்"னு ஒத்தைக் கால்ல நின்னார் புயல்.

புயல்ங்கறது அப்பா அம்மா வச்ச பேரு இல்ல. கம்ப்யூட்டர்ல விளையாடறவங்க நடுவுல அவருக்கு அப்படி ஒரு பேரு. மாடிப்படி ஏறினா நாலு தடவை உக்காந்துட்டுப் போவார். அது வேற கதை.

அவர் சொன்ன 'இந்தம்மா', எங்க மாப்பிள்ளை கடையில மெஷின் ரிப்பேர் பாக்கற பொண்ணு. எல்லாரும் டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவாங்க.

விஷயம் இதுதான். புயலோட கம்ப்யூட்டர், எங்க மாப்பிள்ளை கடையிலயே பாகம் பாகமா வாங்கிக் கோத்த மெஷின். உள்ள இருக்கற சிப்பு இவ்வளவு வேகத்துலதான் ஓடணும்னு செஞ்சவன் ஒரு கணக்கு வச்சிருப்பான். புயலுக்கு அது போதுமா? செட்டிங்குக்குள்ள போயி வேகத்தையும் ஏத்தி, கரண்டையும் ஏத்தி விட்டுட்டார். ஓவர்கிளாக்கிங்னு பேராம். என் நாத்தனார் வீட்டுக்காரர்கூட, அடுப்பு வேலை சீக்கிரம் முடியட்டும்னு குக்கர் விசில் மேல இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வச்சார். அதுக்கு யாரும் இங்கிலீஷ்ல பேரு வைக்கல. மூடி போயி சீலிங்ல போட்ட பள்ளத்தை இன்னிக்கும் வர்றவங்களுக்கெல்லாம் காட்டறாங்க. சரி, அத விடுங்க.

மூணாம் நாளே சிப்பு கருகிடுச்சு. ஞாயித்துக்கிழமை பெரிய போட்டி வேற. புது சிப்பு கேட்டுக் கம்பெனிக்கு அனுப்பற ஃபாரத்துல டாக்டரம்மா எழுதியிருந்தது ஒரே வரி: 'பழுதுக்குக் காரணம் தெரியவில்லை.'

அதப் படிச்சதும் புயல் கரையைக் கடந்துடுச்சு.

நோய் என்னன்னே தெரியாதவளுக்கு டாக்டர்னு பேரு ஒரு கேடான்னார். இவ கைபட்டு எத்தனை மெஷின் செத்துதோன்னார். தான் ஏத்தின வேகத்தை வேற எவனும் கனவுலகூட ஏத்தினதில்லன்னு நடுவுல ஒரு பெருமை. கடையில நின்னவங்க எல்லாம் 'அதானே'ன்னு தலையாட்டினாங்க. தலையாட்டறதுக்கு என்ன, காசா பணமா?

எங்க மாப்பிள்ளை விக்கறதோட சரி, ஃபாரம் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டார். யாராவது சத்தம் போட்டா அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. காரணத்தைக் கண்டுபிடிச்சு எழுதும்மா, முடியலன்னா நாளைலேருந்து வரவேண்டாம்னுட்டார்.

டாக்டரம்மா முகம் சிவந்துபோச்சு. பேனாவை எடுத்தா.

"காரணம் கழட்டினப்பவே தெரியும் சார். வேகத்தை ஏத்திக் கருக்கினா கம்பெனிக்காரன் மாத்தித் தரமாட்டான். வாரன்டி அட்டையிலயே போட்டிருக்கு. உங்களுக்குப் போட்டி இருக்கேன்னுதான் தெரியலன்னு எழுதினேன். இப்ப திருத்திடட்டுமா?"

தலையாட்டினவங்க தலையெல்லாம் இப்ப புயல் பக்கம் திரும்புச்சு.

புயல் அவ கையிலேருந்து ஃபாரத்தைப் பதமா வாங்கினார். தானே கவர்ல போட்டார். எச்சில் தொட்டு ஒட்டினார். அப்புறம் மாப்பிள்ளை பக்கம் திரும்பிச் சொன்னார்:

"தெரியாததைத் தெரியலன்னு எழுதற நேர்மை இந்தக் காலத்துல யாருக்கு சார் வருது? இவங்களைப் போயி அனுப்பறேங்கறீங்களே."