நீலப் புள்ளிகள்

அறை வாசலில் பூனை நின்றிருந்தான். அவன் கையில் அவள் ஆராயும் விண்மீன் மண்டலத்தின் படம் இருந்தது.

அச்சு இயந்திரத்தில் ஒரு தாளை மறந்துவிட்டு வந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடிப்பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பக்கத்து மேசைக்காரனுக்குப் பூனை என்று பெயர் வைத்தவளே அவள்தான். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. தொலைநோக்கி எடுத்த படங்களைத் துடைத்துச் சீராக்குவதும், மங்கலான நட்சத்திரங்களைக் கணினி விட்டுவிடாமல் எண்ணுகிறதா என்று சோதிப்பதும் அவன் வேலை. அந்தச் சாக்கில் எல்லார் படத்திலும் மூக்கை நுழைப்பான்.

நேற்றுக்கூடக் காரணமே இல்லாமல் டீ குடிக்கக் கூப்பிட்டான். டீயா முக்கியம்? பேச்சுக் கொடுத்து வாயைப் பிடுங்கலாம் அல்லவா.

இரண்டு மாதமாக அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவனிடம்கூடப் பாதிதான் சொன்னாள்.

சும்மாவா? தட்டு போலப் பரந்து கிடக்கும் அந்த மண்டலம், இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மங்கியது. கிழட்டு நட்சத்திரங்கள்தான் மிச்சம், இனி அங்கே ஒன்றும் பிறக்காது என்று எல்லாரும் கைகழுவிவிட்ட இடம். அதன் ஓரத்தில் அவள் நீலப் புள்ளிகளைக் கண்டாள்.

நீலம் என்றால் இளசு. வானத்துக் கணக்கில் நேற்றுப் பிறந்தவை. பாழடைந்த வீட்டுக்குள் தொட்டில் ஆடுவதைப் பார்த்த மாதிரி அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

மாதக் கடைசியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. இந்தக் கண்டுபிடிப்பு நிலைத்தால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அதனால்தான் அவள் பூனையிடம் அந்தப் படத்தைக் கேட்கவில்லை. கேட்டால் மோப்பம் பிடித்துவிடுவான். அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பொதுக் கோப்புறையிலிருந்து தானே பிரதி எடுத்துக்கொண்டாள். ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பும் முன் அவனிடம் ஒருமுறை காட்டுவது அங்கே வழக்கம். வழக்கத்தைத் தூக்கி உடைப்பில் போடு என்றிருந்தாள்.

இப்போது தாளும் கையுமாக நிற்கிறான். முகம் வெளுத்திருந்தது. எச்சிலை விழுங்கினான். திருட்டு முழியைப் பார், என்று நினைத்தாள்.

எவ்வளவு நேரமாக வைத்திருக்கிறான்? யாரிடமெல்லாம் காட்டினான்? தானே முதலில் கண்டதாகச் சொல்லிவிட்டால்?

திரையைச் சட்டென்று அணைத்தாள்.

பூனை உள்ளே வந்து கதவைச் சாத்தினான். தாளை மேசைமேல் விரித்து, நீலப் புள்ளிகள்மேல் விரலை வைத்தான். வெளியே யாருக்கும் கேட்காதபடி பேசினான்.

"அக்கா, இதெல்லாம் கம்ப்யூட்டர் சரியா எண்ணுதான்னு பாக்க நானே தூவி வச்ச பொய் நட்சத்திரம். நீங்க எடுத்தது சோதனைப் படம்க்கா. நல்லவேளை, இன்னும் எங்கயும் அனுப்பலைல்ல?"

அவள் அணைந்திருந்த திரையைப் பார்த்தாள்.

அவன் முந்திக்கொண்டுவிடுவானோ என்ற பயத்தில், கட்டுரையை மதியமே அனுப்பிவிட்டிருந்தாள்.