தோளில் ஒரு வெள்ளி லாடம்

ரீகா நகரத் தெருவில் பாட்டுத் திருவிழா ஊர்வலம் புறப்படக் காத்திருக்கிறது. ஆல்சுங்கா ஊர்ப் பாடகிகளின் சிவப்புப் பாவாடைகள் மீது ஜூலை வெயில் வழிகிறது. ஒவ்வொருத்தியின் சால்வையையும் சிவப்புக் கல் பதித்த அகன்ற வெள்ளி சக்தா, அதாவது சால்வை ஊசி, ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கிறது. முன்வரிசையில் நிற்கும் வெல்காவின் சக்தா மட்டும் சின்னது, கல்லில்லாதது, லாடம் போல வளைந்தது. அவள் தொலைவிலுள்ள லாட்கலே வட்டாரத்தில் பிறந்து ஆல்சுங்காவுக்கு வாழ்க்கைப்பட்டவள். உடுப்புகளைச் சரிபார்த்துக்கொண்டே வந்த குழுவின் மூத்தவள் ஸைகா அவள் முன்னால் நின்றுவிடுகிறாள். "இது உங்க ஊரு நகையாச்சே. நம்ம உடுப்புக்கு இதைப் போய்க் குத்துவாங்களா? கழட்டு. இல்லைனா கடைசி வரிசைக்குப் போ." வெல்கா தோளை முன்னே நீட்டுகிறாள். "பாவாடை உங்க ஊரு, பாட்டு உங்க ஊரு. இது ஒண்ணுதான் நான் பொறந்த ஊரு. கழட்டிக்கோங்கக்கா. ஆனா ஊர்வலம் முடியற வரைக்கும் சால்வையை நீங்கதான் பிடிச்சுக்கிட்டு வரணும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். ஸைகா சிரிக்காமல் ஊசியை உருவுகிறாள். சால்வை சரிகிறது. வெல்கா அதைப் பிடிக்கவில்லை. கையிலிருந்த பூங்கொத்தை அணைத்தபடி நேரே பார்த்து நிற்கிறாள். தோளில் காற்று படுகிறது. ஸைகா அந்த வெள்ளியை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தபடி நிற்பது ஓரக்கண்ணில் தெரிகிறது. பேண்டு வாத்தியம் முழங்குகிறது, முன்னால் கூட்டம் நகர்கிறது. தரையைத் தொடப்போன சால்வையை ஸைகா வாரியெடுத்துப் போர்த்துகிறாள். துணியைக் கொசுவி, லாடத்தை வைத்து, ஊசியைக் குத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறாள். "கோணலாக் குத்தியிருந்தே. அதுக்குத்தான் கழட்டினேன். நட."